மூன்று மைக்குகளும் ஒரு குரலும்

இன்டர்லாக்கனில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைக் கண்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ரயில் நகர்ந்த பிறகுதான் பலகையை முழுதாகப் படித்தேன். இன்டர்லாக்கன் மேற்கு. சீலன் அண்ணா எனக்காகக் காத்திருந்தது கிழக்கில்.

கைப்பேசியில் அழைத்தேன். எடுத்தார், உடனே துண்டித்துவிட்டார். மறுபடி அழைத்தேன். மறுபடியும் துண்டித்தார். பிறகு ஒரு செய்தி வந்தது. "அங்கேயே நில்லுங்கோ. வாறன்."

எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவு என் பொறுப்பு. நாள் முழுக்க இயந்திரங்களுக்கு நடுவே நடந்து பழகிய கால்கள். பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி நடந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதான பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். என் கண்ணுக்கு அது, "பாவம், எதையோ தொலைத்துவிட்டாள் போல" என்று சொல்வதுபோலப் பட்டது.

தொலைத்தது உண்மைதான். பொங்கலுக்குப் பிறகு சீலன் அண்ணாவின் குரலை நான் கேட்கவில்லை.

எங்களுக்குள் பழக்கம் ரேடியோ வழியாக. ஹாம் ரேடியோ என்பார்கள். அரசாங்கத்திடம் உரிமம் வாங்கிக்கொண்டு, வீட்டிலேயே ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு, கம்பி ஒன்றை மரத்தில் கட்டி உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. கோவை, சேலம், திண்டுக்கல் நண்பர்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடுவோம். அதில் ஒருநாள் ஸ்விட்சர்லாந்திலிருந்து யாழ்ப்பாணத் தமிழில் ஒரு குரல் நுழைந்தது. பித்தளை அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கனம். எத்தனை இரைச்சல் இருந்தாலும் அதை விலக்கிக்கொண்டு வந்து காதருகே நிற்கும். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆர்டர்களைக் கூவிச் சொல்லும் வேலை என்றார். அந்தக் குரலுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏழெட்டு வருடப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை.

திடீரென்று அந்தக் குரல் வரவில்லை. செய்திக்குப் பதில் வரும், "சுகம்" என்று. அவ்வளவுதான். சூரிச் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் புது நூற்பு இயந்திரத்துக்கான பயிற்சிக்கு ஆலை என்னை அனுப்பியபோது, பயிற்சியை முடித்த கையோடு நான்கு நாள் விடுப்பு கேட்டேன். பயிற்சி நாட்களில் மாலையானால் டிராம் பிடித்து லாங்ஸ்ட்ராஸ தெருவின் தமிழ்க் கடைகளுக்குப் போய் கொத்துரொட்டி தின்பேன். தின்று முடித்ததும் அடுத்த டிராம், அடுத்த தெரு. விடுதி அறையில் இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஊரின் சத்தமின்மை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டிராமில் நாற்பது பேர் இருந்தாலும் யாரும் இருமுவதுகூட இல்லை.

வெள்ளை கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கிய மனிதர் உயரமாய், மெலிந்து, கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். சிரித்தார். வாயைத் திறந்தார்.

"வாங்கோ பத்மா" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வந்தது காற்று. சைக்கிள் டியூபின் வால்வைப் பிடுங்கினால் வருமே, அதுபோல. அதற்குள் எங்கோ கொஞ்சம் ஒலி. நான் கைகூப்பினேன். என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் உடனே கைப்பேசியை எடுத்துத் தட்டி என்னிடம் காட்டினார். "கழுத்தில ஒரு கட்டி. எடுத்தாச்சு. உயிருக்குப் பயமில்லை. குரல் நரம்பில ஒண்டை அது சுத்தியிருந்தது. அதையும் வெட்ட வேண்டிப் போச்சு."

"முதல்ல வண்டியில ஏறுங்கோ அக்கா, குளிருது" என்றார் ஓட்டி வந்த பெண். அண்ணாவின் மனைவி வதனி. "கேக்கிற ஆக்களுக்கெல்லாம் இப்பிடித்தான் எழுதிக் காட்டுறார். எனக்கும்தான்."

வீடு இரண்டாம் மாடியில். படுக்கையறைகளில் ஒன்றை ரேடியோ அறையாக்கியிருந்தார். வாசலில் நின்று பார்த்தேன். சுவர் நிறைய பழைய பெட்டிகள். கண்ணாடி வால்வுகள் வைத்த சாம்பல் நிற ரிசீவர்கள், குமிழ் போன டிரான்ஸ்மிட்டர், மேசை முழுக்க மைக்குகள். சொந்த மகளின் கல்யாணப் படத்தை ஒரு மைக் மறைத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலானவை பொங்கலுக்குப் பிறகு வாங்கியவை என்று வதனி சொன்னார். "குரல் போனது கழுத்தால. இவர் மைக்கை மாத்திக்கொண்டிருக்கிறார்."

அன்று இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் கட்டாச் சம்பலும். எங்கள் ஊர் தேங்காய்ப்பால் இனிக்கும், இந்தச் சொதி புளிக்கும். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் அந்த மேசையில் பேசியது நானும் வதனியும் மட்டும். சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வதனி குழாயைத் திறந்து பாத்திரம் அலசியபடி கேட்பார், "சம்பல் வைக்கட்டோ?" அண்ணா ஏதோ சொல்வார். "என்ன?" என்பார் வதனி. அண்ணா தலையை மட்டும் ஆட்டுவார். இரண்டாம் தடவை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும் கைப்பேசியில் நீளமாக எழுதி என்னிடம் நீட்டினார். ரேடியோவில் ஒருவர் குரல் எப்படி வருகிறது என்று எண்களில் சொல்வது எங்கள் வழக்கம். தெளிவுக்கு அதிகபட்சம் ஐந்து, பலத்துக்கு ஒன்பது. ஆனால் "சௌக்கியமா" என்றால் "சௌக்கியம்" என்பதுபோல எல்லாரும் எல்லாருக்கும் ஐந்து ஒன்பது போட்டுவிடுவார்கள். நான் போடமாட்டேன். திண்டுக்கல் நண்பர் ஒருவரிடம், உங்கள் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கிறது என்று சொன்னதில் அவர் மூன்று ஞாயிறு வராமல் இருந்தார். அண்ணா எழுதியிருந்தது இதுதான்: "மற்ற ஆக்கள் ஐந்து ஒன்பது எண்டுவினம். நீங்கள் உண்மையைச் சொல்லுவியள். நாளைக்கு நொஷாட்டலில ஒரு பழைய டிரான்ஸ்மிட்டர் எடுக்கப் போறன். வால்வு செட். அந்தக் காலத்துச் செட்டுகள் குரலைக் கனமாக்கும். அதில நான் கதைக்கிறதைக் கேட்டு ரிப்போர்ட் தரோணும். சரிவந்தால் திரும்ப வாறன். சரிவராட்டி எல்லாத்தையும் வித்துப்போட்டுச் சும்மா இருப்பன்."

நான் சரி என்றேன். பிறகு தூக்கம் வரவில்லை. ஏன் சரி என்றேன் என்று புரண்டுகொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டிரான்ஸ்மிட்டர் ஆட்டுக்கல் கனம் இருக்கும் என்பதால் அதை ஏற்றிவர, பேரக் குழந்தையின் பழைய தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டோம். வதனிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கார் அவருக்கு வேண்டும். ரயிலில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், எழுந்தேன், எதிர்ப்பக்கம் மாறினேன். ஒருபுறம் ஏரி; அது முடிந்ததும் மலை; அது முடிந்ததும் இன்னொரு மலை. அழகுதான். ஆனால் ஒரு டீ விற்பவர் இல்லை, சுண்டல் இல்லை, "சார், கொஞ்சம் நகருங்க" என்று சொல்ல ஆள் இல்லை. அண்ணா பேசாமல் எதிரே இருந்தார். பழைய ஞாயிறுகளில் அவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பேர்னில் ரயில் மாறினோம். அதற்குப் பிறகு அறிவிப்புகள் ஒரு கட்டத்தில் ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்குத் தாவின. பாலக்காடு கணவாய் தாண்டியதும் பலகைகள் மலையாளமாகிவிடுவதுபோல.

நொஷாட்டல், மேட்டிலிருந்து ஏரிக்குச் சரியும் ஊர். டிரான்ஸ்மிட்டரின் சொந்தக்காரர் மோரிஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சிறிய வீட்டுக்குக் குடிபோகிறார். கதவைத் திறந்ததும் இரண்டு கையாலும் அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தார்.

அண்ணா தன் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"என்ன?" என்றார் மோரிஸ், காதில் கைவைத்து.

அண்ணா மறுபடி கேட்டார். நெற்றி நரம்பு புடைத்தது.

"சத்தமாக! இன்னும் சத்தமாக!" மோரிஸ் சிரித்துக்கொண்டே கத்தினார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பேசமுடியாதவரும் கேட்கமுடியாதவரும் ஒருவருக்கொருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு மோரிஸ் என் பக்கம் திரும்பி, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், "இவருக்கு என்ன தெரிய வேண்டும்?" என்றார். அதன்பின் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். எந்த வால்வு மாற்றியது, எந்த மின்மாற்றி சூடாகும், எல்லாம். அண்ணா ஜன்னல் பக்கம் போய் நின்று ஏரியைப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு பதிலுக்கும் இன்னொரு பதிலுக்கும் நடுவே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரான்ஸ்மிட்டரை நானும் மோரிஸும் சேர்ந்து தள்ளுவண்டியில் இறக்கினோம். கடைசி நேரத்தில் மோரிஸ் ஓடிப்போய் சதுரமான ஒரு மேசை மைக்கைக் கொண்டுவந்து ஓரத்தில் செருகினார். பழுப்பேறிய பிளாஸ்டிக், பல்லிளிக்கும் முகம். மலிவான கிறிஸ்டல் மைக். "செட்டோடு வந்தது. குரல் மோசமாக வரும், ஆனால் எறியவும் மனசில்லை" என்றார்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு தமிழ்க் கடையில் மீன் ரோல்ஸ் வாங்கி நின்றுகொண்டே தின்றோம். கடைக்காரர், "குழந்தையை நல்லாப் போத்தி வச்சிருக்கிறியள்" என்றார். ரயிலில் ஒரு சுவிஸ் அம்மாள் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்க்க வந்து, "எத்தனை மாதம்?" என்று ஜெர்மனில் கேட்டாராம். அண்ணா எனக்குச் சைகையில் மொழிபெயர்த்தார். "அறுபது வருஷம்னு சொல்லுங்கண்ணா" என்றேன். அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பேர்ன் வரைதான். பிளாட்பாரத்தில் தள்ளுவண்டியின் முன்சக்கரம் முறிந்து, எங்கள் அறுபது வயதுக் குழந்தை பக்கவாட்டில் சாய்ந்தது. அண்ணா தூணுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஊழியரைக் கூப்பிட முயன்றார். வாய் அசைந்தது. ஊழியர் திரும்பவே இல்லை. "ஹலோ! சார்!" என்று நான் கத்தினேன். பிளாட்பாரமே திரும்பியது. ஊழியர் சாமான் வண்டியோடு வந்தார், நல்ல மனிதர், இன்டர்லாக்கன் ரயிலில் தானே ஏற்றிவிட்டார். அண்ணா எனக்கு நன்றி சொல்லவில்லை. ரயில் கிளம்பிய பிறகு எழுதிக் காட்டினார். "ஹோட்டலில இப்ப நான் உருளைக்கிழங்கு உரிக்கிறன்."

அந்தப் பயணம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. நாளை அந்தச் செட்டில் இவர் குரல் எடுபடவில்லை என்றால் என்ன சொல்வது? பொய் சொல்லலாம். கோவைக்குப் போய்விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஞாயிறு மாலை நண்பர்கள் "யார் இது, ஒன்றும் விளங்கவில்லை" என்று கேட்டால் அவர் அன்றைக்கே எல்லாவற்றையும் மூடிவிடுவார்.

சனிக்கிழமை காலை. திட்டம் எளிது. அண்ணா வீட்டிலிருந்து இரண்டு விதமாகப் பேசுவார். நான் கைக்கடக்கமான என் ரிசீவரை எடுத்துக்கொண்டு தூன் ஏரிக்கரைக்குப் போய் அங்கிருந்து கேட்பேன். இந்தியாவின் உரிமத்தை வைத்துக்கொண்டு நான் அங்கே பேச முடியாது. கேட்பதற்குத் தடையில்லை. என் பதிலைக் கைப்பேசியில் அனுப்புவேன். வதனி என்னைக் கரையில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய் வருவார்.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை. பெஞ்ச், மரம், படகுத்துறை எல்லாம் நனைந்துகொண்டிருந்தன. "இதில உங்களை இறக்கிவிட ஏலாது. காருக்குள்ளயே இருந்து கேளுங்கோ, நான் பிறகு கடைக்குப் போறன்" என்றார் வதனி. இயந்திரத்தை அணைத்தார். நான் ரிசீவரை மடியில் வைத்துக் கம்பியை நீட்டினேன். வதனியும் கூடவே இருப்பதை அண்ணாவுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. "தயார்" என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

முதலில் ஞாயிறுகளில் அவர் பேசிவந்த புது மாதிரி செட், அதோடு வந்த மைக். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணினார். புது செட்டுகள் மெல்லிய ஒலியைத் தாமே தூக்கிக் கொடுக்கும். இங்கே அது குரலைவிட மூச்சைத்தான் தூக்கியது. ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ஓர் அலை மணலில் மோதுவதுபோல மூச்சு வந்தது. சொல் விளங்கியது. கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"எண்ண வேண்டாம் அண்ணா, ஏதாவது பேசுங்க" என்று எழுதினேன்.

இரண்டாவது, நொஷாட்டல் டிரான்ஸ்மிட்டரும் அவருடைய செல்ல மைக்கும். அந்தக் காலத்து வானொலி நிலையங்களில் இருக்குமே, வெள்ளிக் கூடுபோல, அந்த மாதிரி பெரியது. குரலுக்குக் கனம் கொடுப்பதற்கென்றே செய்தது. அதில்தான் அவர் நம்பிக்கை எல்லாம். வால்வு செட்டின் மெல்லிய ரீங்காரம் வந்தது. பிறகு புகைக்குள் யாரோ நடமாடுவதுபோல ஓர் ஒலி. கனம் கொடுக்க அந்த மைக் தயாராக இருந்தது. அதற்குக் கொடுப்பதற்குக் குரலின் அடிப்பகுதி அவரிடம் இல்லை. பாதி கூட விளங்கவில்லை.

"அடுத்தது" என்று எழுதினேன். அடுத்தது என்று ஒன்று கிடையாது. வீட்டிலிருந்த மற்ற மைக்குகளை எல்லாம் அவர் முன்பே ஒதுக்கிவிட்டார். சற்று யோசித்து, "மோரிஸ் கொடுத்த அந்தச் சதுர மைக்" என்று சேர்த்து எழுதினேன்.

அவர் மைக்கை மாற்றிக்கொண்டிருந்தார் போல. கண்ணாடியில் மழை தட்டியது. வதனி இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

"இது சரிவரும் எண்டு நான் நினைக்கேல்லை" என்றது ரிசீவர்.

வதனி கண்ணைத் திறந்தார்.

அழகான ஒலி என்று சொல்லமாட்டேன். கூர்மையான, வறண்ட ஒலி. பழைய அண்டாக் குரலின் நிழல்கூட அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் உடையாமல் வந்தது. அந்த மலிவு மைக்குக்கு அடிக்குரலைப் பிடிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது உதட்டின், நாக்கின், பல்லின் ஒலிகள் மட்டும். அண்ணாவிடம் இன்னும் மிச்சமிருந்தது அவைதான்.

"நல்லா வருது. நிறுத்தாம பேசுங்க" என்று எழுதினேன்.

பேசினார். ஹோட்டல் சமையலறையில் புதிதாக ஆர்டர் கூவுபவன் போர்த்துக்கீசன் என்றும், அவன் "தக்காளி"க்கும் "உருளை"க்கும் ஒரே மாதிரிக் கத்துகிறான் என்றும் சொன்னார். நான் சிரித்தேன். பிறகு அவர் சொன்னார்:

"வதனி பாவம், பத்மா. அவ 'என்ன' எண்டு கேக்கிறதில பிழையில்லை. கேக்காட்டித் திருப்பிக் கேக்கத்தானே வேணும். ஆனா அந்த 'என்ன' வந்த உடன எனக்கு வாய் பூட்டுப் போட்ட மாதிரி ஆகுது. நான் கோவத்தில கதைக்காம இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாவோ தெரியேல்லை. கோவமில்லை. வெக்கம். அவ என்ர குரலுக்காகத்தான் என்னைக் கட்டினவ எண்டு எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பா."

என் கை ஒலியைக் குறைக்கப் போனது. அலையில் ரகசியம் கிடையாது, யாரும் கேட்கலாம்தான். ஆனால் அவர் எனக்கென்று சொல்லிக்கொண்டிருந்தார். வதனி என் மணிக்கட்டைப் பிடித்தார். "விடுங்கோ அக்கா."

அண்ணா இன்னும் பேசினார். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் வதனியிடம் ஏதோ சொல்ல நினைத்து, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். அது என்னவென்று சொல்லவில்லை. "சரி, ரிப்போர்ட் தாங்கோ" என்று முடித்தார்.

கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் மங்கிப்போயிருந்தது. வதனி அழவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேலை செய்யிற இடத்தில வாய் கோணின ஆக்கள் இருக்கினம். பக்கவாதம் வந்தவை. அவையின்ர கதை மற்ற ஒருத்தருக்கும் விளங்காது, எனக்கு விளங்கும். ஏன் தெரியுமோ? கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருப்பன். முகத்தைப் பாப்பன். வீட்டில நான் குசினிக்குள்ள நிண்டுகொண்டு, தண்ணியத் திறந்துவிட்டுக்கொண்டு 'என்ன' எண்டு கத்தியிருக்கிறன்."

கடைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்தோம்.

அண்ணா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். கையில் கைப்பேசி இல்லை. "சொல்லுங்கோ" என்று காற்றாய்க் கேட்டார்.

வழியெல்லாம் நான் சொற்களைத் தேடிக்கொண்டு வந்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"புது செட்டுல சொல் விளங்குது, மூச்சு கூடவே வருது. தெளிவு மூணு. பெரிய மைக்குல ஒண்ணுமே விளங்கலைங்கண்ணா. ஒண்ணு கொடுக்கலாம், அதுவும் பாசத்துல. அதை வித்துடுங்க."

அவர் முகம் விழுந்தது. அந்த மைக்கைத்தான் அவர் துணிபோட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"சதுர மைக் நாலு. எல்லா வார்த்தையும் வந்துச்சு. ஆனா அது உங்க பழைய குரல் இல்லை. எந்த மைக்கும் அதைத் திருப்பித் தராதுங்கண்ணா. அந்தத் தேடலை விட்டுடுங்க. இது வேற குரல். அழகா இல்லை. விளங்குது."

அவர் சுவரில் சாய்ந்தார். தலையை மெதுவாக ஆட்டினார், ஒப்புக்கொள்வதுபோலவும் இல்லாததுபோலவும். "உண்மையோ?" என்றார்.

"எனக்கும் எல்லாம் விளங்கினது" என்றார் வதனி, என் பின்னால் நின்று.

அவர் வதனியைப் பார்த்தார். பிறகு என்னை. மழை, கார், எல்லாம் அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. காது நுனி வரை சிவந்துபோனார்.

"எல்லாமோ?"

"எல்லாம்தான்." வதனி செருப்பைக் கழற்றினார். "அந்த ஒண்டைத் தவிர. நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டனீங்களாமே, அதைச் சொல்லேல்லை."

நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அங்கே வேலையில்லை. அன்று மதியம் சமையலறை விசிறி நின்றிருந்தது. வதனி நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அண்ணா என்னிடம் உப்பு கேட்டார். எழுதவில்லை. கேட்டார். நான் எடுத்துக்கொடுத்தேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. மாலையில் அவர் தனியாகப் பால்கனியில் நின்று ஆன்டெனாக் கம்பியை வெறித்துக்கொண்டிருந்தார். நாளை நண்பர்கள் கூடும் நேரத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். நான் இன்டர்லாக்கனின் புல்வெளியைச் சுற்றி மூன்று சுற்று நடந்தேன். பாராசூட்டில் வானத்திலிருந்து மனிதர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். குஜராத்திக் குடும்பம் ஒன்று என்னை நிறுத்தி, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று இந்தியில் கேட்டது. தெரியாத இந்தியில் தெரியாத ஊருக்கு வழி சொன்னேன்.

ஞாயிறு பிற்பகல் என் ரயில். எங்கள் ஊரில் மாலையாகும் நேரம் அங்கே நண்பகல் தாண்டியிருக்கும். நான் பெட்டியைத் திறந்துவைத்துத் துணிகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். பக்கத்து அறையில் சுவிட்ச் போடும் சத்தம். பழைய வால்வு செட் சூடேறும் ரீங்காரம். நான் ஓடிப்போய் வாசலில் நின்றேன்.

இரைச்சலுக்கு நடுவே சேலம் நண்பர் வேலுச்சாமியின் குரல். யாரோ ஒருவரின் மாமியார் கண் ஆபரேஷன் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். இடைவெளி வந்தது. அண்ணா சதுர மைக்கை உதட்டருகே இழுத்து, தன் அழைப்புக் குறியைச் சொன்னார்.

"யாருங்க அது? குறி சீலன் அண்ணாவோடது. பேசறது யாரு?"

அண்ணாவின் விரல் மைக் பொத்தானிலிருந்து விலகியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அங்கே பேச உரிமம் இல்லை. அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"சீலன்தான் கதைக்கிறன். கழுத்தில ஒப்பரேசன். பழைய குரல் போட்டுது. இனி இதுதான். பழகிக்கொள்ளுங்கோ."

எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. பிறகு வேலுச்சாமி தொண்டையைச் செருமினார். "அண்ணா... இருங்க, மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. ஆங், இப்ப விளங்குது. உடம்பு எப்படி இருக்கு? என்ன சாப்பிட்டீங்க?"

"பாண்தான்" என்றார் அண்ணா. ரொட்டிக்கு அவர்கள் ஊர்ப் பெயர்.

ஏறக்குறைய அரைமணி நேரம் பேசினார்கள். கூடச் சேர்ந்த திண்டுக்கல் நண்பருக்குப் பாதி விளங்கவில்லை. வேலுச்சாமி அவருக்கு எடுத்துச் சொன்னார். அண்ணா இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். செட்டை அணைத்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

நான் அறைக்குத் திரும்பித் துணிகளைப் பெட்டிக்குள் அமுக்கினேன். அப்போது வதனியின் குரல் கேட்டது. முந்தைய மூன்று நாளில் அந்த வீட்டில் கேட்காத சுருதி.

"காலமை எழும்பி மாவறுத்துப் புட்டு அவிச்சுத் தந்தனான். ஊர் முழுக்கப் பாண் எண்டு சொல்லுறியளே! அவையள் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

அண்ணா ஏதோ சொன்னார். எனக்குக் காற்று மட்டும் கேட்டது.

"புட்டு எண்டால் மைக்கில பானா வெடிக்குமோ? பாணிலயும் பானாதானே இருக்கு!"

மறுபடி அந்தக் கரகரப்பு, இந்த முறை நீளமாக, வேகமாக, ஏறி இறங்கி. சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"விளங்குது, விளங்குது!" என்றார் வதனி. "கத்தாதேங்கோ."